காத்துதானே

அந்த வீட்டில் முட்டை அவித்தால் வெள்ளைக்கரு மகளுக்கு, மஞ்சள்கரு அப்பாவுக்கு. ஐந்து வருஷமாக இதுதான் நடைமுறை. எட்டு வயது மகள் வெள்ளையாக இருப்பதை மட்டுமே தின்பாள். சோறு, பால், ஓரம் கிள்ளிய ரொட்டி, அப்புறம் முட்டையின் வெள்ளை. அதில் ஒரு துளி மஞ்சள் ஒட்டியிருந்தாலும் தட்டு பறந்து சுவரில் மோதும். ஆகவே அம்மாக்காரி இரண்டையும் நூல் போட்டுப் பிரித்த மாதிரி பிரித்து வைப்பாள். மிஞ்சுகிற மஞ்சளையெல்லாம் அவன் தின்று தீர்க்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் நாலு மஞ்சள்கரு உருளும். அவனுக்கு அங்கே 'மஞ்சக்கரு' என்றே பெயர் விழுந்துவிட்டது. வெல்டருக்கு வைக்கிற பேரா அது, சொல்லுங்கள்.

அன்று காலையிலும் அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கே வெயில் வாசல் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் தரையில் உட்கார்ந்து மகளின் லைட்டருக்குக் கல் மாற்றிக்கொண்டிருந்தான். விளையாட்டுச் சாமான் அல்ல, தீ கக்குகிற வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்க வெல்டர்கள் வைத்திருக்கும் கம்பி லைட்டர். இடுக்கி மாதிரி வளைந்த கம்பி, நுனியில் ஒரு சின்னக் கிண்ணம். அமுக்கினால் கல் உரசி 'கிரிக்' என்று கிண்ணத்துக்குள் நாலு பொறி சிதறும். தீ வராது. அதனால்தான் தைரியமாகக் கொடுத்திருந்தான்.

மூன்று வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் பட்டறையில் அவன் லைட்டரை அமுக்கியபோது, மகள் பொறியைப் பார்த்து "ப்பா" என்றாள். அப்பாவைச் சொன்னாளா, பொறியைச் சொன்னாளா, தெரியாது. அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன சொல். அதற்கு முன் இருந்த ஏழெட்டுச் சொற்களும் ஒவ்வொன்றாக ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. லைட்டர் மட்டும் கையோடு தங்கிவிட்டது. தூக்கத்திலும் விடமாட்டாள். மனசு கலங்கினால் கிரிக், கிரிக், கிரிக். கல் தேய்ந்து பொறி வராவிட்டால் தலையைத் தரையில் மோதிக்கொள்வாள். அதனால் மாசம் பிறந்தால் வாடகைக்கு முன்னால் அவன் கல் மாற்றிவிடுவான்.

"பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் மனைவி, முட்டையை உரித்துக்கொண்டே. அவள் ஜன்னல் திரை தைக்கிறவள். கண் எப்போதும் ஊசி முனையில் இருப்பவளுக்கு நேராகப் பார்த்துப் பேசத் தெரியாது.

"எங்க?"

"எங்கயா? ஒரு வாரமா காது புளிக்கச் சொல்லிட்டிருக்கேன். எங்கன்னு கேக்கறீங்க பாருங்க."

"அந்தக் காத்துப் பைக்கா?"

"பையாம் பை. அழுத்தக் காத்துல ஆக்சிஜன் குடுக்கறது. நாப்பது தடவை. ரெட்டைப் புள்ளக்காரி சின்னவனுக்குக் குடுத்தா இல்ல, இருபதாவது தடவைலயே 'அம்மா தண்ணி'ன்னான். ரெண்டு வார்த்தை, ஒண்ணா. அவ அழுதுக்கிட்டே சொன்னா. பேச்சுப் பயிற்சிக்கு வெளிய பெஞ்சுல நாங்க அத்தனை பேரும் அழுதோம்."

"அந்தப் பையன் முன்னாடியே ஒண்ணு ரெண்டு சொல்லிட்டிருந்தான்ல?"

"அப்ப பொய் சொல்றாளா?"

"பொய்யின்னு நான் சொன்னேனா? டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு யோசிச்சேன்."

குழந்தை டாக்டரம்மாவிடம் போன மாசமே கேட்டாயிற்று. அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. கடலுக்குள் ஆழமாக முங்கி வேலை செய்கிறவர்களுக்கு, ஆறாத புண்ணுக்கு இது நல்ல வைத்தியம்தான் என்றார். கனமான கதவு போட்ட அறையில், பருத்தித் துணி மாற்றி, மேலே ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். "இந்த மாதிரி பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பலன் இருக்குன்னு காட்டற ஆதாரம் எதுவும் இல்லம்மா. நான் செய்யச் சொல்ல மாட்டேன்" என்றார். பேச்சுப் பயிற்சியை விடாமல் பண்ணச் சொன்னார். மனைவி அதற்கப்புறம் அந்த அம்மா பேரை எடுத்தாலே உதட்டைச் சுழித்தாள்.

"அவங்களுக்கு என்ன," என்றாள் இப்போதும். "அவங்க வீட்டுப் புள்ள அம்மான்னு கூப்பிடும். 'விடாம பண்ணுங்க, விடாம பண்ணுங்க.' அஞ்சு வருஷமா விடாமதான் பண்றோம். ஒரு 'ம்மா' வந்துச்சா? எனக்கு முழுசா வேணாங்க. பாதி போதும். வெறும் 'ம்' போதும்."

அவன் கல்லைப் பொருத்தித் திருகை முடுக்கினான்.

"எல்லாம் காத்துதானே? மருந்தா ஊசியா?" அவள் குரல் தணிந்தது. "நீங்க அதுலதானே பொழைக்கிறீங்க. நாள் பூரா ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு என்ன ஆயிடுச்சு?"

 இதற்குப் பதில் அவன் சட்டைக்குள் இருந்தது. இடது மார்பிலிருந்து அக்குள் வரைக்கும், சுருங்கிய பாலேடு மாதிரி ஒரு பெரிய தழும்பு. உருகின இரும்பு தெறித்தது என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருந்தான். பதினோரு வருஷமாக அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது வேறு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், இதே போல ஒரு பாழாய்ப்போன வெயிலில், தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து ஒட்டு வைத்துக்கொண்டிருந்தான். தகரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. பட்டறைக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புழுக்கம் தாங்காவிட்டால் ஆக்சிஜன் குழாயைச் சட்டைக்குள் விட்டு ஜில்லென்று ஊதிக்கொள்வார்கள். மேஸ்திரி கண்டால் திட்டுவார், யாரும் இல்லாவிட்டால் அவரே ஊதிக்கொள்வார். அன்று அவன் முன்னும் பின்னும் ஆசை தீர ஊதிக்கொண்டு, அந்தக் கையோடு டார்ச்சைப் பற்றவைக்க லைட்டரை அமுக்கினான். கிரிக். சட்டை பற்றிக்கொண்டது என்று சொன்னால் சரியாக இருக்காது. சட்டை இருந்தது, அடுத்த நொடி இல்லை. மேஸ்திரிதான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். "இரும்பு தெறிச்சுதுன்னு சொல்லு. ஊதிக்கிட்டேன்னு வாயைத் தெறந்தே, உனக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு" என்றார். சொன்னான். முதலாளியிடம் சொன்னான், ஆஸ்பத்திரியில் சொன்னான், பெண் வீட்டில் சொன்னான். இவ்வளவு மடத்தனத்தைக் கட்டிக்கப் போகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? பிறகு அதை எடுத்து மாற்றிச் சொல்ல ஒரு நல்ல நாள் வாய்க்கவே இல்லை.

அப்படியானால் ஏன் புறப்பட்டான் என்று கேட்பீர்கள். அவனுக்கும் ஆசைதான், வேறென்ன. பட்டறையில் தனியாக இருக்கும்போது லைட்டரை அமுக்கிவிட்டு, "ப்பா" என்று தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன். அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருப்பார்கள், விவரம் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டான். நாலு மஞ்சள்கருவையும் விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினான். மகள் புதுக் கல்லை அமுக்கிப் பார்த்தாள். நல்ல பொறி. திருப்தியாகக் கூடவே நடந்தாள்.

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இடம். குறுகலான படி. சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகளின் படம். சென்டர்காரர் நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மகளின் உயரத்துக்குக் குனிந்து, "வாங்க ராணி" என்றார். யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. மனைவிக்கு அதிலேயே பாதி வியாதி தீர்ந்தது.

அறை நடுவே அந்தப் பை கிடந்தது. நீலத் துணி, ஆள் நீளம், இரண்டு பேர் ஒட்டிப் படுக்கிற அகலம், பக்கத்தில் கையளவு கண்ணாடி ஜன்னல், நெடுக ஒரு ஜிப். காற்றை அடைக்கிற எந்திரம் ஒரு மூலையில். அதன் பக்கத்தில் அவனுக்குப் பழக்கமான உருப்படி, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் பைக்குள் போய், மூக்கில் மாட்டுகிற மூடியில் முடிந்தது.

"எத்தனை பேருக்குப் பேச்சு வந்திருக்கு சார்?" என்று கேட்டாள் மனைவி.

"ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரிம்மா. சிலதுக்குத் தூக்கம் வரும், சிலதுக்குப் பேச்சு வரும். நம்பிக்கை முக்கியம். மொதல் தடவை நீங்களும் கூடப் படுத்துக்கங்க, புள்ள பயப்படாது."

"பாப்பா படுக்காதுங்க. எங்கயும் ஒரு நிமிஷம் படுக்க மாட்டா."

ஆனால் மகள் ஜிப் திறந்திருந்த பைக்குள் தானாகவே ஊர்ந்து போனாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பின்னாலேயே நுழைந்து, மகளை அணைத்துப் படுத்துக்கொண்டாள். சென்டர்காரர் ஜிப்பை இழுத்து மூடினார். எந்திரம் ஓட ஆரம்பித்ததும் பை மெல்லப் புடைத்தது. ஸ்ஸ்ஸ் என்று சீராக ஒரு சத்தம்.

அவன் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். மகள் மல்லாந்து கிடந்தாள். ஆட்டம் இல்லை, உறுமல் இல்லை. அம்மாவின் தோளுக்கும் துணிக்கும் நடுவே இறுகிப்போய், கண்ணைப் பாதி மூடி, சிரித்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. மனைவி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அவனைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'பாத்தீங்களா, பாத்தீங்களா' என்று உதடு அசைந்தது. கடவுளே, அந்த நொடியில் அவனும் நம்பினான்.

பார்வையை எடுத்தவன், தொழில்காரன் புத்தி, சிலிண்டர் பக்கம் போனான். ரெகுலேட்டர் இணைப்பில் கறுப்பாக ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்தான். 

"என்ன சார் இது, கிரீஸா?"

"ஆமா சார். திருகு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. நான்தான் கொஞ்சம் தடவிவிட்டேன்."

எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் வால்வைத் தொட்டால் பட்டறையில் அறை விழும். எண்ணெயில் ஆக்சிஜன் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும், சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இந்த மனிதர் கிரீஸையே அப்பி வைத்திருக்கிறார். பைக்குள் போகிறவர்களிடம் கையில் என்ன, துணி என்ன, தலையில் எண்ணெயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் என்ன...

கையில்!

 மகளின் கையில் இருப்பது அவன் கண்ணில் தனியாகப் படுவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. அவளுக்கு ஆறாவது விரல் மாதிரி ஆகிப்போன சாமான் அது. தானே கொடுத்து, தானே காலையில் புதுக் கல் போட்டு, தானே கூட்டிக்கொண்டு வந்து...

"அவ கையில இருக்கறத வாங்குங்க! ஜிப்பைத் தெறங்க!"

"இருக்கட்டும் விடுங்க சார். நானும் பாத்தேன். புடிச்ச சாமான் கையில இருந்தா புள்ள அமைதியா கெடக்கும். கிலுகிலுப்பைதானே," என்றபடி சென்டர்காரர் சிலிண்டரின் வால்வில் கை வைத்தார். "இப்ப ஆக்சிஜனைத் தெறந்துடறேன்."

வெல்டரின் கை அவர் கைமேல் விழுந்தது. இருபது வருஷம் இரும்பு பிடித்த கை. அந்த மனிதர் ஐயோ என்று கத்திவிட்டார். அவரைத் தள்ளிவிட்டு, எந்திரத்தின் சுவிட்சைத் தட்டி, ஜிப்பைப் பிடித்து இழுத்தான். உள்ளே, சத்தம் நின்றதில் மகள் கலங்கிப்போய் லைட்டரை அமுக்கினாள்.

கிரிக்.

நாலு பொறி சிதறி அணைந்தது. பைக்குள் வெறும் காற்றுதான் இருந்தது. அவன் இரண்டு பேரையும் ஒரே இழுப்பில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். 

மகள் அலற ஆரம்பித்தாள். கையைக் கடித்துக்கொண்டு, திரும்பப் பைக்குள் போக முட்டினாள். மனைவி அவன் மேல் பாய்ந்தாள்.

"பாவி! சிரிச்சுட்டிருந்தாளே! எட்டு வருஷத்துல ஒரு நாள் சிரிச்சுட்டிருந்தாளே! ஆக்சிஜன் போய் வேலை செய்ய ஆரம்பிச்ச நேரத்துல..."

"தெறக்கவே இல்லடி இன்னும்."

"என்ன?"

"ஆக்சிஜனை இன்னும் தெறக்கவே இல்ல. இவரைக் கேளு. உள்ள இருந்தது இந்த ரூமுக் காத்து. நீயும் அவளும் இந்த ரூமுக் காத்துலதான் படுத்திருந்தீங்க."

அவள் சென்டர்காரரைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "தெறக்கத்தான் போனேன்மா. அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் ரவுடித்தனம் பண்ணிட்டாரு," என்றார்.

அவன் எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். ஒன்று சிக்கிக்கொண்டது, பிய்த்தான்.

"இது இரும்பு தெறிச்சு வந்தது இல்ல," என்றான். "புழுங்குதுன்னு ஆக்சிஜனைச் சட்டைக்குள்ள ஊதிக்கிட்டேன். இதே மாதிரி லைட்டரைத்தான் அமுக்கினேன். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள சட்டை இல்ல, தோல் இல்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க வீட்டுல பொய் சொன்னேன். அப்புறம் உன்கிட்டயும் அதையே..." 

சென்டர்காரர் லைட்டரைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

மனைவி தழும்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து அலறிக்கொண்டிருந்தாள். மனைவி ரொம்ப மெதுவாக, "பதினோரு வருஷம்," என்றாள்.

"தப்புதான்."

"காத்துதானேன்னு ஒரு வாரமா கேட்டேன். தினம் கேட்டேன். இதை அப்பவே அவுத்துக் காட்டியிருந்தா நான் என் புள்ளயத் தூக்கிட்டு வந்து அதுக்குள்ள படுத்திருப்பேனா? உங்க வெக்கத்துக்கு நாங்க ரெண்டு பேரும் எரிஞ்சு போயிருக்கணுமா?"

அவன் தலை கவிழ்ந்தது. 

பஸ்ஸில் ஏற முடியவில்லை. மகள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் படியிலேயே மறித்து, "அடுத்த வண்டில வாங்கம்மா" என்றான். அடுத்த வண்டிக்காரனும் அதையே சொன்னான். நடந்தார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் மகளைத் தோளில் தூக்கியிருந்தான். அவள் அவன் காதோரம் அலறி, தழும்பின் மேலேயே குத்தினாள். குடை பிடித்துக்கொண்டு எதிரே வந்த ஒருத்தி நின்று, "ரெண்டு அடி போட்டா அடங்கிடும்" என்றாள். வேறு நாளாக இருந்தால் மனைவி அவளைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். இன்று காதிலேயே வாங்காமல் முன்னால் நடந்தாள். வழியில் கம்பி வேலி வந்தது, அதில் அவள் புடவை மாட்டிக் கிழிந்தது. தையல்காரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அலறல் நிற்கவில்லை. மகள் சோற்றைக் கொட்டினாள். பாலைக் கொட்டினாள். தலையைச் சுவரில் மோதப் போனவளை மனைவி கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்து புரண்டார்கள்.

அவன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பைக்குள் மகள் எப்படிக் கிடந்தாள் என்று யோசித்தான். இறுக்கம். அம்மாவின் தோள். எந்திரத்தின் சத்தம். அவ்வளவுதானே அதற்குள் இருந்தது.

மூலையில் சுருட்டி வைத்திருந்த பஞ்சு மெத்தையை இழுத்து வந்து விரித்தான். "படு," என்றான் மனைவியிடம்.

"என்னது?"

"அவளைக் கட்டிக்கிட்டு படு. பையில படுத்த மாதிரி."

ஏன் என்று கேட்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை. மகளை இழுத்துக்கொண்டு படுத்தாள். அவன் மெத்தையின் இரண்டு ஓரத்தையும் தூக்கி, அவர்கள் மேல் மடித்து, குறுக்கே ஒரு காலைப் போட்டு அமுக்கினான். பிறகு மகளின் தலைமாட்டில் வாயை வைத்து, பல்லுக்கு நடுவே ஊதினான். ஸ்ஸ்ஸ்ஸ். டார்ச்சில் காற்று போகிற சத்தம். அவனுக்கு அது கைவந்த கலை, பட்டறையில் அப்படி ஊதித்தான் மற்றவர்களைக் கேலி பண்ணுவான்.

அலறல் உடைந்து விக்கல் ஆனது. விக்கலும் குறைந்தது. மகள் கண்ணைப் பாதி மூடினாள். லைட்டர் அவள் கையில் சும்மா கிடந்தது. சிரிக்கவில்லை. ஆனால் உடம்பு தளர்ந்துவிட்டது.

மனைவி மெத்தைக்குள்ளிருந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இதுக்காகல்லாம் நான் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க," என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "பெரிய ஆஸ்பத்திரில அந்தக் கனமான கதவு போட்ட ரூமு இருக்கில்ல, அங்க போய்க் கேப்பேன். இல்லேன்னாங்கன்னா வேற எதையாவது கேப்பேன். நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். கேக்கறத நிறுத்திட்டா நான் செத்துடுவேன்."

அவன் ஊதிக்கொண்டிருந்தான்.

"பலன் இல்லேன்னு டாக்டரம்மா சொன்னது நெசமா?"

ஆமாம் என்று சொல்ல நினைத்தான். வாயைத் திறக்க வேண்டுமானால் ஊதுவதை நிறுத்த வேண்டும். ஒரு நொடிதான் நிறுத்தினான். மெத்தைக்குள் மகளின் விரல் லைட்டர் கம்பியில் இறுகியது. அவசரமாக மறுபடியும் ஊதினான்.

"இவ பேசவே மாட்டாளா? சொல்லுங்க. அந்தத் தழும்ப மறைச்ச மாதிரி மறைக்காம, இதையாவது நெசமா சொல்லுங்க."

அவளுக்கு நேரே குனிந்து, கண்ணைப் பார்த்து, தெரியாது என்று தலையை ஆட்டினான். ஆட்டும்போது இரண்டு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. மெத்தைக்குள்ளிருந்து ஒரு கையை உருவி எடுத்து, பொத்தான் பிய்ந்த சட்டைக்குள் விட்டு, அந்தத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

"மூச்சு முட்டினா சொல்லுங்க," என்றாள். "அப்புறம் நான் ஊதறேன்."